முற்றத்தின் மறுபாதி

கடைவீதியின் பழைய வீடுகளில் எவற்றைக் காக்க வேண்டும் என்று அளந்து வரைய வந்திருக்கும் கோகிலவாணி, முற்றத்தின் நடுவே குறுக்கிடும் செங்கல் சுவரில் கை வைத்துத் தயங்குகிறாள். காலை வெயில் மேலிருந்து இறங்கி, சுவரின் தலையில் பதித்த கண்ணாடிச் சில்லுகளில் பச்சையாக மின்னுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. அது தம்பி ரியாசுதீன் வீட்டு அடுப்பு. பாகம் பிரித்து இந்தச் சுவர் எழுந்த நாள் முதல், இந்தப் பாதிக்குச் சொந்தக்காரராக அவள் அருகில் நிற்கும் அண்ணன் சுபுஹான் அவனோடு பேசுவதில்லை.

“அரை முற்றம்தான் இருக்குன்னு எழுதிடட்டுங்களா ஐயா?”

“இன்னாம்மா அரை?” சுபுஹானின் முதுகு நிமிர்கிறது. “எங்க அத்தா கட்டினது முழு வூடு. முழுசா எழுது.”

“அப்ப அந்தப் பக்கமும் அளக்கணுங்களே.”

சுபுஹான் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார். தேக்குத் தூண் ஒன்று பாதி உடம்போடு சுவருக்குள் புதைந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு அவள் கையிலிருந்து டேப்பை வாங்கி, அதன் முனையைச் சில்லுகளுக்கு மேலாக வீசுகிறார். அந்தப் பக்கத் தரையில் ணங்கென்று ஓசை. கரண்டிச் சத்தம் நின்றுபோகிறது.

“யாருப்பா அங்க? அதப் புடிச்சி செவுத்துல வையி.”

டேப் சுவர்மேல் தொய்ந்து கிடக்கிறது. பிறகு மெல்ல நகர்ந்து விறைக்கிறது.

“எந்தச் செவுத்துலண்ணே?” என்கிறது கரகரத்த குரல். “இதுலயா, நம்ம பழைய செவுத்துலயா?”

“பழசுலடா,” என்கிறார் சுபுஹான், டேப்பை இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி.