பதினேழாவது வீட்டின் பட்டை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. குளிர்கிறவர்கள் அடுப்போரம் நகர்ந்துகொள்ளுங்கள். ஒரு சுவர்ப்படம் கல்யாணத்தில் கை வைத்த கதை சொல்கிறேன். கோப்பையில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், படத்தின் முன்னால் சூராகான் நின்றிருந்தாள். முக்காட்டில் ஒட்டிய பனி இன்னும் உருகவில்லை.

படத்தில் அவள் தெருவின் பதினேழு வீடுகள். பதினாறு பெயர்களுக்கு மேல் வண்ணப் பட்டைகள் எழுந்து நின்றன. சூராகானின் பெயருக்கு மேல் வெறும் காகிதம்.

ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் சயரா, புள்ளியியல் பாடத்துக்காகப் பிள்ளைகளைத் தெருவில் இறக்கிவிட்டிருந்தாள். ஒரு வாரத்தில் எந்த வீட்டில் எத்தனை தடவை விருந்தாளி வந்து, வழக்கப்படி ஒரு துண்டு ரொட்டி கிள்ளித் தின்றார் என்று கேட்டு எழுத வேண்டும். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஆக ஐந்து. பிறகு அட்டவணை. பிறகு பட்டை விளக்கப்படம்.

பாடம் சுலபம்தான். ஊர்தான் சுலபமில்லை.

ஓமுர்பெக், தன் வீட்டுக்குள் புகுந்த பக்கத்து வீட்டுக் கடாவையும் சேர்க்கச் சொன்னார். அதுவும் ரொட்டி தின்றதாம்.

தெருவிலேயே மூத்தவர் ஜாபார்குல். சின்னவர்களின் பட்டை தன் பட்டையைவிட உயரமாக நிற்பது எந்த ஊர் மரியாதை என்று கேட்டார். எண்ணிக்கையை மாற்ற முடியாதே என்று சயரா கையைப் பிசைந்தாள். கடைசியில் அவர் பட்டையை வாசலுக்குத் தூரமான ஓரத்தில், பெரியவர்களை உட்காரவைக்கிற இடத்தில் வைத்து, அடியில் மூன்று மெத்தைகள் வரைந்தாள். பட்டை உயர்ந்தது. எண்ணிக்கை ஐந்திலேயே இருந்தது. பெரியவர் சமாதானமாகிவிட்டார்.

"எனக்கும் ஒரு மெத்தை வரைஞ்சிடேன்மா," என்றாள் சூராகான், பக்கத்தில் நின்ற சயராவிடம்.

"மெத்தையில உக்கார ஆள் வேணுமேக்கா. வெறும் மெத்தை இன்னும் அசிங்கமாத் தெரியும்."

அன்றைக்குப் பள்ளி விழா. சூராகான் தன் மகன் எர்னிஸுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் தாய் உம்சுனை, அடுத்த ஊரிலிருந்து வரப்போகிறாள். விருந்தாளி மிதிக்காத வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுப்பதில்லை. பெண்ணின் காதில் போட்டு உறவை உறுதி செய்ய வேண்டிய வெள்ளித் தோடுகள், சூராகானின் பைக்குள் ஒரு மாதமாகக் கிடந்தன.

உம்சுனை சீக்கிரமே வந்துவிட்டாள்.

கையுறையைக் கழற்றினாள். வந்த கடிதத்தைப் படிப்பதுபோலப் படத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை படித்தாள். வெற்றிடத்தில் விரல் நின்றது.

இது யார் வீடு என்று கேட்டாள்.

தெருக்காரர்கள் எல்லோரும் அவரவர் பட்டையைப் பார்த்துக்கொண்டார்கள்.

சயராவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளின் குறிப்பேட்டைப் பிரித்தாள். ஒரு கோடாவது தவறிப்போய் அடுத்த வீட்டில் விழுந்திருக்காதா என்று தேடினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே பிள்ளைகள் வந்தவரின் பெயரை எழுதியிருந்தார்கள். கோடுகளை எண்ணிய சயரா, பெயர்களைப் படித்திருக்கவில்லை.

இப்போது வாய்விட்டுப் படித்தாள்.

ஜாபார்குல் வீடு: சூராகான், சூராகான், மாட்டு டாக்டர், சூராகான், சூராகான்.

ஓமுர்பெக் வீடு: சூராகான், தொலைந்த குதிரையைத் தேடி வந்தவர், சூராகான், சூராகான்.

படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. பதினாறு வீட்டுக்கும் சேர்த்து அறுபத்தொரு கோடு. மாட்டு டாக்டர் ஐந்து, குதிரைக்காரர் மூன்று. மீதி ஐம்பத்து மூன்றும் ஒரே பெயர்.

அவள் வீட்டுக்கு யார் போவது? அவள்தான் எல்லோர் வீட்டிலும் இருந்தாளே.

"நான் என்ன விருந்தாளியா?" சூராகானின் முகம் சிவந்துவிட்டது. "சல்லடை வாங்கப் போனேன். அப்புறம் திருப்பிக் குடுக்கப் போனேன். ரொட்டி கிள்ளாம யாரும் விட மாட்டேங்கிறாங்க, நான் என்ன பண்றது?"

எர்னிஸ் சுரங்க வேலைக்குப் போனதிலிருந்து அவள் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற சமோவாரைப் பற்றவைத்ததே இல்லை. ஒருத்திக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியாது.

ஜாபார்குல் தன் மெத்தைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உம்சுனை பதினாறு பட்டைகளையும் மறுபடி ஒருமுறை பார்த்தாள். மாட்டு டாக்டரும் குதிரைக்காரரும் வந்த எட்டுத் தடவையை மட்டும் விரலால் மறைத்துப் பார்த்தாள். யோசித்தாள். சூராகானின் கை பைக்குள் போய், தோடுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பிறகு உம்சுனை அவள் முழங்கையைப் பற்றி ஜன்னலோரம் இழுத்துப் போனாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"சம்பந்தி, எங்க ஊர்லயும் ஆறாம் வகுப்பு இருக்கு. திங்கக்கிழமையிலேருந்து எங்க தெருவுல எண்ணப்போறாங்களாம். நீங்க வாரத்துக்கு எத்தன தடவ வருவீங்க?"

உங்கள் வீட்டு நிலைப்படியில் எந்நேரமும் அயலார் செருப்புக் கிடக்கட்டும், கண்ணுகளா. கதவைச் சாத்த உங்களுக்கு நேரமே கிடைக்காமல் போகட்டும்.