மிளகாய் நெடி

காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் அவள் கைக்குள் கசகசத்தன.

எதிரே புது கார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். நெற்றியில் சந்தனம், குங்குமம்.

வாங்கியவன் கொழுந்தன். அவன் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கம்பெனியில் செய்த கார்தான். நிரந்தர ஊழியர்களுக்கு விலையில் சலுகையாம்.

அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கதவு மாட்டுகிறார்கள். தம்பி நிரந்தரம். அண்ணன் கான்ட்ராக்ட். சட்டை நிறமே வேறு.

நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்றது கம்பெனி. சின்னவனே போகட்டும் என்று ஊர் மெச்சச் சொன்னவள் அவள்தான்.

அன்றைக்குப் பெரிய மனசு. இன்றைக்கு வயிறு எரிகிறது. மாடியில் அவர்கள் ஏசி ஓடினால் கீழே இவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆனால் காருக்குத் திருஷ்டி கழிக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். மூத்த மருமகள் அல்லவா.

"நீங்க சுத்திப் போட்டாத்தான்க்கா எனக்குத் திருப்தி" என்றாள் ஓரகத்தி நிரோஷா.

திருடன் கையிலேயே சாவி.

"ஊரு கண்ணு, உறவு கண்ணு..."

உறவு என்ற இடத்தில் நாக்கு இடறியது. அவசரமாக நாய்க்கண்ணுக்கும் நரிக்கண்ணுக்கும் தாவினாள்.

சுற்றியதைத் தணலில் கொட்டினாள்.

நெடி ஏறி இருமல் வந்தால் கண் படவில்லை. நெடியே இல்லையென்றால் யாரோ பொல்லாத கண் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. புகை எழுந்தது.

நெடி வரவில்லை.

மாமியார் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் தலை நிமிரவில்லை. பொய்யாகவாவது இருமிவிடலாம் என்றால் அதுவும் வரவில்லை.

இருமல் சத்தம் கேட்டது.

நிரோஷா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, விடாமல் இருமினாள்.

"அம்மாடி, என்னா நெடி!"

அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் இருமினார்கள். மாமியாரின் முகம் தெளிந்தது.

நிரோஷா நிமிர்ந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"வாங்கக்கா. மொத ரவுண்டு நீங்கதான்."

இந்த மனசையும் அவளுக்கே கொடுத்திருக்கிறானே கடவுள் என்று இவளுக்கு எரிந்தது.

நிரோஷா முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

இவள் புருஷன் மாட்டிய கதவாகக்கூட இருக்கலாம்.