பதினோராம் மாடிக் கம்பி

பதினோராம் மாடிப் பால்கனிச் சுவரில் ஏறி, கால்களை வெளியே தொங்கவிட்டு டீ குடிப்பாள் தமயந்தி. பார்ப்பவர்களுக்குத்தான் தலை சுற்றும். குடியிருப்போர் சங்கம் எல்லாப் பால்கனிக்கும் கம்பி போட்டது. அன்று மாலையும் அவள் அதே சுவரில் உட்கார்ந்து கம்பிகளுக்கு நடுவே கால்களை நுழைத்தாள். முழங்கால் தாண்டிப் போனவை திரும்பி வரவில்லை. ஓடி வந்த அக்கம்பக்கத்தார் எண்ணெய் தடவியும் பார்த்தார்கள்.

"கம்பிய அறுத்துடுங்க சார்."

சங்கச் செயலாளர் சீதாபதி குனிந்து பார்த்தார். "அறுக்கணும்னா பொதுக்குழு கூடணும்மா. ஞாயித்துக்கிழமதான் முடியும்."

"இன்னிக்கு செவ்வாய் சார்."

"பயப்படாதீங்க. இனிமே நீங்க விழவே முடியாது."

எல்லோரும் போனபின் தமயந்தி ஒரு காலை உதறினாள். செருப்பு கழன்று பதினோரு மாடியும் தாண்டிக் கீழே போனது. அது தரையில் மோதும் சத்தம் கேட்டதும், இன்னொரு காலையும் உதறினாள்.