மாஸ்டருக்குத் தெரியாத தக்காளி

நாலாவது டின்னையும் எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன்.

மீன் டின் வாங்கிப் பழகிய கை. உள்ளே மீன் கூடவா, குழம்பு கூடவா என்று குலுக்கிப் பார்த்துத்தான் எங்கள் குருநகரில் டின் வாங்குவோம். தக்காளிக்கும் அது சரிவருமா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கடைத் தட்டில் மூன்று வகை இருந்தது. தோலுரித்த முழுத் தக்காளி, வெட்டியது, அரைத்தது. எல்லாமே இத்தாலியிலிருந்து வந்தவை. ஒன்றில் ஏதோ இலையின் படம் வேறு.

நேரம் மூன்று மணி. ஆறரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள்.

என் மகள் டிலக்ஷியைக் கட்டப்போகிற பொடியன் இத்தாலியில், பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவன். பீட்சா தின்றே பல் முளைத்தவன். அவனிடம் இவள் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"எங்கடை அப்பா உங்கை பதினாலு வருசம் பீட்சா மாஸ்டர். நீங்கள் வாற அண்டைக்கு அவர்தான் சுடுவார்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் இருந்த அந்தப் பதினாலு வருடமும் நான் ஒரு பீட்சாக் கடையில் கோப்பை கழுவினேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று தொடங்கவில்லை. அப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. அப்பாவுக்கு என்ன வேலை என்று போனில் கேட்டாள். பீட்சா சுடுகிற வேலை என்றேன். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது?

மா குழைக்கும் மேசைப் பக்கம் என்னை விட்டதே இல்லை. ஒருநாளாவது எட்டிப் பார்த்திருக்கலாம், மடையன்.

அரைத்ததை எடுத்தேன். வைத்தேன். பிஸ்கட் இருக்கிற பக்கம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஏசிக் குளிரிலும் சேர்ட் முதுகோடு ஒட்டியது. கடைப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாய் வைத்ததும் பொடியன் கண்டுபிடித்துவிடுவான். அவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மகள் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாளே, அதைத்தான் நினைக்கப் பயமாக இருந்தது.

சீஸ் எடுக்கப் போயிருந்த என் மனைவி மெற்றில்டா வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்த டின்னை வாங்கித் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். முழுத் தக்காளியில் மூன்று டின்னை எடுத்து வண்டிலில் போட்டாள். பிறகு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இதைக் கையாலை பிசைஞ்சு உப்புப் போட்டால் காணும். அக்கா வீட்டிலை எட்டுத்தரம் சுட்டுப் பாத்திட்டன். மாவும் குழைச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் பக்கத்திலை நிண்டு என்னை அதட்டி வேலை வாங்குங்கோ, மாஸ்டர்மார் அப்பிடித்தானே."

காசு கட்டுகிற வரிசையில் நிற்கும்போதுதான், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

முதல் லீவில் நான் வந்திறங்கியபோது, விமான நிலையத்தில் அவள் பிடித்த என் கை சவர்க்காரத் தண்ணீரில் வெடித்துக் கிடந்ததாம்.

அப்போது டிலக்ஷிக்கு எட்டு வயது.