ஒரு ரோஜா வாடகை

“வெறுங்கையோடவா வந்திருக்கே?” துள்ளிக் குதிக்காத குறையாகக் கேட்டான் பெர்சி.

இந்த வருஷம் ஊர் சார்பில் வந்திருந்த டார்கஸ் தலைகுனிந்தாள். “நேத்து அடிச்ச ஆலங்கட்டி மழையில ஊர்ல ஒரு ரோஜாகூட மிஞ்சலீங்க. சர்ச் தோட்டமே மொட்டையா நிக்குது.”

குன்றின் உச்சியில் பெல்தோர்ப் மாளிகை. சரிவு முழுக்க ஊராரின் காய்கறித் தோட்டங்கள். தோட்டத்துக்கு வாடகை என்று அவர்கள் காசு கொடுத்ததே இல்லை. வருஷா வருஷம் ஜூன் இருபத்து நாலாம் தேதி, சூரியன் மறைவதற்குள், ஊர் சார்பில் ஒருவர் சிவப்பு ரோஜாவோடு மாளிகைக்கு வருவார். லேடி ஹானோரியா அதை வாங்கி முகர்ந்துவிட்டு, கொண்டுவந்தவர் சட்டையிலேயே தன் கையால் குத்தி அனுப்புவாள். இப்படி ஒரு சீமாட்டி எந்த ஊருக்குக் கிடைப்பாள்? மதுக்கடையில் அவள் பெயரைச் சொல்லித்தான் முதல் கோப்பையையே தூக்குவார்கள்.

“ஒரு வருஷம் தவறினாலும் நிலம் சொந்தக்காரங்களுக்கே திரும்பிடும். பத்திரத்துல இருக்குன்னு தாத்தா சொல்லுவார்,” என்றான் பெர்சி. லேடியின் கொழுந்தன் மகன், அடுத்த வாரிசு. சரிவில் வீடு கட்டி விற்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான்.

“அம்மா, உருளைக்கிழங்கு இன்னும் தோண்டலீங்க. ஊரே அதை நம்பித்தான்...” டார்கஸ் லேடி ஹானோரியாவின் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

“அழாதே. பெர்சி, அந்தப் பத்திரத்தைச் சுருட்டி உள்ள வை,” என்றாள் லேடி ஹானோரியா.

“அதெப்படி பெரியம்மா? நீங்க சாவி தர மாட்டேன்னதால பூட்டையே உடைச்சு எடுத்திருக்கேன். இன்னிக்கு எல்லாமே பத்திரப்படிதான். வக்கீல் சார், படிங்க!”

வக்கீல் ஹாப்கிராஃப்ட் ஆட்டுத்தோல் பத்திரத்தை மேஜையில் விரித்து, சுருண்ட முனையில் தேநீர்க் கோப்பையை வைத்தார். முன்னூறு வருஷத்துக் கையெழுத்து. கண்ணை இடுக்கிக்கொண்டு நடுவிலிருந்து படித்தார்.

“‘சூரியன் மறையுமுன் சிவப்பு ரோஜா ஒன்று. தவறினால் நிலமும் அதன்மேல் உள்ள யாவும் உடையவர்க்கே திரும்பும்.’”

“காதுல விழுந்துதா? கிளம்பு. நாளைக்கு வேலி போட ஆள் வரும்,” என்றான் பெர்சி.

டார்கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். வக்கீல் பத்திரத்தை மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லேடியைத் தேடினார். நாற்காலி காலியாக இருந்தது. அவளுடைய கைத்தடி மட்டும் சாய்ந்து கிடந்தது.

ஜன்னலுக்கு வெளியே, தடியில்லாமல் நடக்கவே மாட்டாத லேடி ஹானோரியா, சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் தொப்பியோடு படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

“டார்கஸ்! நில்லும்மா!”

தொப்பியில் இருந்த சிவப்புத் துணி ரோஜாவைப் பிய்த்தாள். டார்கஸின் சால்வையில் குத்திவிட்டாள். டார்கஸ் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். மேற்கே சூரியன் மரங்களைத் தொட்டுவிட்டது.

பெர்சி சிரித்தான். “பெரியம்மாவுக்கு இளகின மனசு. ஆனா துணி ரோஜா எப்படி சார் செல்லும்?”

“துணியா பூவான்னு பத்திரத்துல இல்லே. செல்லும்.” வக்கீல் பெருமூச்சு விட்டார். ஜன்னலிலிருந்து அவர் கண் அகலவே இல்லை. “என்ன பொம்பளைய்யா! இந்த வயசுல என்ன ஓட்டம்! பூவையும் அவங்களையே கொண்டுவர வெச்சு, இத்தனை வருஷம்...”

“என்ன சார் உளர்றீங்க?”

“குன்று முழுக்க ஊருக்குச் சொந்தம். இந்த மாளிகை நிக்கிற இடமும் சேர்த்து. ரோஜா குடுக்க வேண்டியது அவங்க இல்லே, நீங்க. உங்க பெரியம்மா குடுத்துட்டாங்க, சூரியனும் இன்னும் மறையலே. இன்னும் ஒரு வருஷம் நீங்க இங்கே குடியிருக்கலாம்.”