நாலு பேராய் ஆடிய கடைசி நிமிடம்

கொட்டாஞ்சேனைப் பாடசாலையின் கூடைப்பந்துத் திடலில் சரிந்த வெயிலில் கண் கூசுகிறது. எதிரணி ஒரு புள்ளி முன்னால் நிற்க, பயிற்சியாளர் ரொஷாந்தி கடைசி இடைநிறுத்தத்தையும் கேட்டு வாங்கிவிட்டார். ஆட்டத்தில் விழுந்த அணித் தலைவி தாரிகா அவர் காலடியில் சீமெந்துத் தரையில் கிடக்கிறாள். கணுக்கால் கறுத்து வீங்கியிருக்கிறது. மாற்றாள் இல்லை, இருந்த இருவரும் ஐந்து பவுலும் நிறைந்து வெளியேறிவிட்டார்கள். தேசிய அணிக்கே பிள்ளைகளை அனுப்பிய பாடசாலை, இன்று தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். அந்தக் காலத்தில் ஆடியவர்கள் சாயம்போன ஜேர்சிகளோடு படிக்கட்டில் எழுந்து நின்று "தாரிகா! தாரிகா!" என்று கத்துகிறார்கள். துறைமுகத்தில் கப்பல் ஊதுவதுகூட அதில் அமுங்கிப்போகிறது.

"இறுக்கிக் கட்டிவிடுங்கோ மிஸ், நான் ஓடுவன்."

ஓடுவாள் என்று ரொஷாந்திக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒழுங்காக நடப்பாளா என்பதுதான் தெரியாது. கையிலிருந்த பண்டேஜை வீசிவிட்டு ஐஸ் பையை எடுத்துக் காலில் அழுத்துகிறார். நாலு பேர்தானா என்று நடுவர் சிங்களத்தில் கேட்கிறார். ரொஷாந்தி ஓம் என்று தலையை ஆட்டுகிறார். நால்வரும் உள்ளே போகிறார்கள். அவர்களில் நஸ்லா கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விழுகிறது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதுகிறது. படிக்கட்டில் நின்றவர்கள் ஒவ்வொருவராய் உட்காருகிறார்கள்.

"நான் இறங்கியிருந்தா போட்டிருப்பன் மிஸ்," என்று தாரிகா விம்முகிறாள்.

"ஓம் பிள்ளை." ரொஷாந்தி ஐஸ் பையைக் காலிலிருந்து எடுக்கவில்லை. "நீ போட்டிருப்பாய்."