கிழக்கே சாய்ந்த புதர்கள்

பாலைவனம் ஐந்தாவது தடவையாகத் திரையில் விரிந்தபோது, மேலாளர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

முந்தைய நாலையும் பத்து நொடியில் தூக்கிப் போட்டவர் அவர். ஒன்றைப் பார்த்து, இது பாலைவனமா பழைய பாயா என்றார். இன்னொன்றைப் பார்த்து, “ஆகாயத்துலேருந்து பாத்தா எப்படி இருக்கும்னு யோசிம்மா. விமானத்துல போயிருக்கியா நீ?” என்றார்.

போனதில்லை. அவள் வீட்டில் யாரும் போனதில்லை. பட்டம் வாங்கியதிலேயே அவள்தான் முதல் ஆள். அதை நேர்முகத் தேர்வில் அவரிடம் உளறித் தொலைத்திருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் குழந்தைக்குச் சோறு பிசைவதுபோல் பிசைந்து கொடுக்கிறார்.

வேலை இதுதான்: இல்லாத நாட்டை, செயற்கைக்கோள் படம் பிடித்த மாதிரி வரைய வேண்டும். கணினி விளையாட்டுக் கம்பெனிகள் கேட்கும். தீவு, மலைத்தொடர், கழிமுகம், மேலே மேகம், கடலில் மேகத்தின் நிழல். நிழல் ஒரு பக்கம் மாறி விழுந்தால் போச்சு, மலை பள்ளமாகிவிடும்.

வீட்டில் இதைப் புரியவைக்கும் முயற்சியை அவள் எப்போதோ கைகழுவிவிட்டாள். ‘வரைபட ஆபீஸ்’ என்பதை மட்டும் அப்பா பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லியிருந்தார். போன வாரம் சித்தப்பா கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டான், நீ வந்து அளந்து அவனை ரெண்டு கேள்வி கேள் என்றார்.

கையால் மட்டும் வரைந்தால் நிலம் நிலமாகத் தெரியாது. மண்ணின் சொரசொரப்புக்கு எதையாவது போட்டோ எடுத்து, நிறம் மாற்றி, படத்தில் ஒட்டி, தூரிகையால் ஓரத்தைக் கரைக்க வேண்டும். அவளுடைய பனிமலை கசக்கிய தபால் உறை. எரிமலைக் குழம்பு ஆறிய தரை, அம்மா கருகவிட்ட பாத்திரத்தின் அடி. சதுப்பு நிலம், ரொட்டியில் பூத்த பூஞ்சை.

பாலைவனம் மட்டும் எதிலும் சிக்கவில்லை. அது சிக்காததால் வேலையும் நிரந்தரமாகவில்லை. பயிற்சிக் காலத்தை இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது. இன்றும் தேறாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம். இரண்டு விதமாகவும் கடிதம் அடித்து அவர் மேசையில் தயாராகக் கிடந்தது.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு நெருங்கினார்.

நடுவில் வெறும் நிலம். ஒரு புல் பூண்டு இல்லை. மேடான இடத்தில் வெயில் பட்டுப் பளபளத்தது. ஓரங்களில் கறுப்பாகத் தொடங்கிய புதர்க்காடு உள்ளே வர வர இளைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. மிஞ்சிய நாலு புதரும் ஒரே சீராகக் கிழக்கே சாய்ந்து படிந்திருந்தன.

“பளபளப்பு உப்புப் படிவம்தானே? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு புதரை வச்சே காட்டிட்டே பாரு! இதைத்தாம்மா நாலு மாசமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

பின்வரிசையில் மேகம் வரைகிறவன் இருமினான். கடல் வரைகிறவன் எதையோ தேடி மேசைக்கு அடியில் போனான். போனவன் எழுந்திருக்கவே இல்லை.

“எங்கேருந்து எடுத்தே? எவன் படத்தையாவது சுட்டிருந்தா இப்பவே சொல்லிடு. கேஸ் போட்டான்னா அவன்கூட என்னால மாரடிக்க முடியாது.”

“நானே எடுத்த போட்டோ சார்.”

“எந்த ஊர்ல?”

“இங்கதான் சார். பக்கத்துலதான்.”

“இருபது வருஷமா இங்க குப்பை கொட்டறேன். இப்படி ஒரு இடத்தை நான் பாத்ததே இல்லையே!”

“பாத்திருக்க மாட்டீங்க சார்.”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அவரிடம் மனமார மரியாதையோடு சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

படம் போனது. கால் மணி நேரத்தில் கம்பெனிக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. கடல், மலை எல்லாம் சரி, பாலைவனம் பிரமாதம், அதை மட்டும் தெற்கே இன்னொரு மடங்கு நீட்டித் தர முடியுமா?

மேலாளருக்குக் கவலை வந்துவிட்டது. “மறுபடி எடுக்க விடுவாங்களாம்மா? யாரோட இடமோ என்னமோ.”

“எடுத்துக்கலாம் சார். காவல் எல்லாம் கிடையாது.”

அவர் ஒரு கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். இன்னொன்றை முன்னால் இழுத்துவைத்தார். மூன்று பிரதி. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, கையெழுத்துப் போடக் குனிந்தார்.

இருமல்காரன் இன்னொரு தடவை, இந்த முறை பலமாக, இருமிக் கொடுத்தான்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்து போனை உயர்த்தினாள். மேலிருந்து அவருடைய வழுக்கை முழுசாகத் திரையில் விழுந்தது. வடக்கே நெற்றி வரைக்கும் போன மாதமே எடுத்தாகிவிட்டது. தெற்கே பிடரி வரைக்கும் இன்னும் நிறைய இடம் கிடந்தது.